பயிற்சியின் சுமை யார் தோளில்? அயல்நாட்டு மாணவர்களின் பணிப் பயிற்சி விதிகள்: ஓர் ஆய்வு

வெளிநாட்டில் படிக்கும் மாணவர் இரண்டு விதமான வேலைகளைச் செய்கிறார். ஒன்று, கைச்செலவுக்காகக் கடையிலோ உணவகத்திலோ வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்குக்குள் செய்யும் பகுதிநேர வேலை. மற்றொன்று, படிப்பின் ஓர் அங்கமாக நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ பள்ளியிலோ மாதக்கணக்கில் செய்தாக வேண்டிய பணிப் பயிற்சி. முதலாவதைப் பற்றி, விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள். இரண்டாவதைப் பற்றி விளம்பரத் துண்டறிக்கையில் வந்த ஒரு வரிக்கு மேல் பலருக்கும் தெரிவதில்லை. பட்டம் கைக்கு வருமா, விசா நிலைக்குமா, படிப்புக்குப் பின் அங்கே வேலை தேட வாய்ப்பு மிஞ்சுமா என்ற மூன்றையும் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டாவதுதான்.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரான்சு ஆகிய ஆறு நாடுகளின் பணிப் பயிற்சி விதிகளை இக்கட்டுரை ஒருசேர வைத்துப் பார்க்கிறது. 2025ஆம் ஆண்டு வரையிலான நிலவரத்தையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அவை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலை படிப்பைச் சேர்ந்ததா, இல்லையா? அதற்கு விடை எழுதும் அதிகாரம் எல்லா நாடுகளிலும் பெருமளவு கல்வி நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த விடை பொய்த்துப்போனால் தண்டனை மாணவருக்கு வருகிறது. அதிகாரம் ஓரிடத்திலும் விளைவு வேறிடத்திலும் இருப்பதுதான் இந்த விதிகளின் அடிப்படைக் குறை என்பது என் முடிவு.

முறை பிறந்த கதை

வகுப்பறையையும் தொழிற்கூடத்தையும் மாற்றி மாற்றிப் படிக்கும் முறைக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. இங்கிலாந்தின் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் 1903-இல் பொறியியல் மாணவர்கள் ஆண்டின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையில் கழிக்கும் ஏற்பாடு தொடங்கியது. பின்னாளில் அங்கே ‘சாண்ட்விச் படிப்பு’ என்ற பெயரில் பரவியது இந்த வகைதான். அமெரிக்காவில் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களோடு ‘கூட்டுறவுக் கல்வி’யைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ‘கோ-ஆப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படுவது அதுவே. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் பிறந்தபோதே கோ-ஆப்பை அடித்தளமாகக் கொண்டது. நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் வேலை என்ற அதன் சுழற்சி பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று.

இவையெல்லாம் உள்ளூர் மாணவர்களை மனத்தில் வைத்து உருவானவை. அந்த மாணவர் எங்கே, எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும் அரசுக்கு அதில் கேள்வி இல்லை. அயல்நாட்டு மாணவர் பெருந்தொகையில் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. படிக்க வந்தவர் படிக்கத்தான் வேண்டும், வேலைச் சந்தைக்குள் நுழையக் கூடாது என்கிறது குடியேற்றச் சட்டம். வேலைக்குப் போகாமல் பட்டம் இல்லை என்கிறது பாடத்திட்டம். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசல்களின் அகலமும் காவலும்தான் வேறுபடுகின்றன.

அமெரிக்கா: ஒரு கையெழுத்தின் வலிமை

அமெரிக்காவில் எஃப்-1 விசா மாணவருக்கு இரண்டு பயிற்சி வழிகள் உண்டு. படிக்கும்போது செய்வது சி.பி.டி. எனப்படும் பாடத்திட்டப் பயிற்சி. பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் செய்வது ஓ.பி.டி. எனப்படும் விருப்பப் பயிற்சி.

சி.பி.டி.க்கு மைய அரசின் குடியேற்றத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கல்லூரியில் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் செவிஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் பதிவு செய்து, மாணவரின் ஐ-20 படிவத்தில் ஒப்புதல் தந்தால் போதும். வேலை, நிறுவப்பட்ட பாடத்திட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும். மாணவர் ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஒப்புதல் குறிப்பிட்ட ஒரு முதலாளிக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமே பொருந்தும். முழுநேரச் சி.பி.டி.யை 12 மாதமோ அதற்கு மேலோ செய்துவிட்டால், அந்தப் பட்ட நிலைக்குரிய ஓ.பி.டி. கைநழுவிப் போகும். வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ செய்யும் பகுதிநேரப் பயிற்சி இந்தக் கணக்கில் சேராது.

ஓ.பி.டி.யில் குடியேற்றத் துறையே வேலை அனுமதி அட்டையைத் தர வேண்டும். ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு 2008-இல் 17 மாத நீட்டிப்பு வந்தது. 2016-இல் அது 24 மாதமாயிற்று. படிப்புக்குப் பிந்தைய முதல் ஓ.பி.டி. காலத்தில் வேலையில்லா நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. நீட்டிப்பில் இருப்பவருக்கு அது மொத்தம் 150 நாள்.

இந்த நீட்டிப்பு விதியில் கவனிக்க வேண்டிய ஒரு நல்ல அம்சம் உண்டு. முதலாளி ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மாணவர் என்ன கற்பார், யார் மேற்பார்வையிடுவார், எப்படி மதிப்பிடப்படுவார் என்று அதில் எழுத வேண்டும். அதே வேலை செய்யும் அமெரிக்கர்களுக்கு இணையான ஊதியம் தர வேண்டும். அரசு அதிகாரிகள் பணியிடத்துக்கே வந்து பார்க்கலாம். பொறுப்பில் ஒரு பங்கு முதலாளியின் மேல் சட்டப்படியே இறங்குகிறது. சி.பி.டி.யில் இந்தக் காவல்கள் இல்லை. கல்லூரியின் சொல்லே அங்கே காவலும் வாசலும்.

அந்தச் சொல் விலைக்கு வந்தபோது நடந்ததைக் கடந்த சில பத்தாண்டுகள் காட்டியிருக்கின்றன. முதுநிலைப் படிப்பில் உடனடிப் பயிற்சி கட்டாயமென்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம் என்று விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. மாணவர் பேச்சில் ‘டே ஒன் சி.பி.டி.’ என்று அழைக்கப்படுவது இதுதான். எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வராதவர்கள் இன்னொரு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து முதல் நாளிலிருந்தே வேலையைத் தொடர இது வழியாயிற்று. விலக்கை முறையாகப் பயன்படுத்தும் நல்ல கல்லூரிகள் உண்டு. வகுப்பு என்பது பெயருக்கே இருக்கும் கல்லூரிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும் மாணவருக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல.

கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில் பெயருக்கே வகுப்பு நடத்திய ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தில் 2011 ஜனவரியில் சோதனை நடந்தது. அங்கே சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர், அதிலும் ஆந்திரப் பகுதியினர். சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவருக்கு 2014-இல் 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதன்பின் அரசே தூண்டில் போட்டது. நியூஜெர்சியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்திய பொய்ப் பல்கலைக்கழகம் ஒன்று 2016-இல் வெளிவந்தது. மிச்சிகனில் டெட்ராய்ட் அருகே ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் நடத்திய மற்றொன்று 2019 ஜனவரியில் வெளிவந்தது. ஃபார்மிங்டனுக்கு ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. இணையதளமும் கட்டண ரசீதும் மட்டும் இருந்தன. ஏறத்தாழ 600 பேர் சேர்ந்திருந்தார்கள். ஆள் சேர்த்த எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. மாணவர்கள் கைதானார்கள், நாடு கடத்தப்பட்டார்கள்.

தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்றது அரசு. அரசின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருந்ததால் நம்பினோம், கட்டணம் கட்டினோம், கல்வி கிடைக்கவில்லை என்றார்கள் மாணவர்கள். 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மாணவர்கள் அரசின்மீது ஒப்பந்த மீறல் வழக்கைத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. தெரிந்து சேர்ந்தவர்கள் அவர்களில் இருந்திருக்கலாம். ஆனாலும், அரசுப் பட்டியலில் இருக்கும் பெயரை நம்புவது குற்றமென்றால் அயல்நாட்டு மாணவர் வேறு எதைத்தான் நம்புவது என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை.

பிரிட்டன்: பாதிக்கு மேல் கூடாது

பிரிட்டன் இதே சிக்கலை விகிதக் கணக்கால் கட்டுப்படுத்துகிறது. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். பாடத்தின் அங்கமான, மதிப்பெண்ணுக்கு உட்பட்ட பணிப் பயிற்சி இந்தக் கணக்கில் வராது. அதை முழுநேரமாகவே செய்யலாம். ஆனால், நல்ல நடத்தை வரலாறு கொண்ட உயர்கல்வி நிறுவனத்தின் பட்டப்படிப்பில் பயிற்சி மொத்தப் படிப்புக் காலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மற்ற நிறுவனங்களிலும் கீழ்நிலைப் படிப்புகளிலும் உச்சவரம்பு மூன்றில் ஒரு பங்கு. சட்டப்படிக் கட்டாயமான பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. பயிற்சிக் காலத்திலும் மாணவரின் பொறுப்பாளர் பல்கலைக்கழகமே. எங்கே பயிற்சி, ஒழுங்காகப் போகிறாரா என்பதையெல்லாம் அது உள்துறைக்குத் தெரிவித்துவர வேண்டும். தவறினால் அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் அதன் உரிமம் போகலாம்.

உரிமம் போவது வெறும் மிரட்டல் அல்ல. 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தின் உரிமம் பறிக்கப்பட்டபோது 2,000-க்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நீதிமன்றத் தலையீட்டால் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பலர் அந்தக் கல்வியாண்டைத் தொடர முடிந்தது. நிறுவனத்தைத் தண்டிக்கும் விதிகூட மாணவரைத் தாண்டித்தான் நிறுவனத்தைத் தொடுகிறது என்பதற்கு இந்த நிகழ்வைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரிட்டன் முறையின் அன்றாடச் சிக்கல் வேறொன்று. ஓராண்டு முதுநிலைப் படிப்போடு பயிற்சியையும் சேர்த்து இரண்டாண்டுப் படிப்பாக விற்பது அங்கே பரவலான வழக்கம். விற்கும்போது ‘பயிற்சியுடன் கூடிய’ என்று இருக்கும். பயிற்சி இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியவர் மாணவர் என்பது உள்ளே எங்கோ இருக்கும். இடம் கிடைக்காவிட்டால் மாணவர் பயிற்சி இல்லாத வடிவத்துக்கு மாற்றப்படுவார். படிப்புக் காலம் சுருங்கியதைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கேற்ப விசாவும் சுருங்கும். இரண்டாண்டுக் கணக்கில் வாங்கிய கடன் மட்டும் சுருங்காது.

படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா 2021 ஜூலையில் இரண்டாண்டுக் காலத்துடன் வந்தது. 2027 தொடக்கத்திலிருந்து விண்ணப்பிப்போருக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்கள் தவிர, அது 18 மாதமாகக் குறைகிறது. பின்னால் கிடைக்கும் காலம் குறையக் குறையப் படிக்கும்போதே பெறும் பயிற்சியின் மதிப்பு ஏறும். அதைக் காட்டி விற்போரின் ஆசையும் ஏறும்.

கனடா: இரண்டு அனுமதிகள்

கனடாவில் படிப்பு அனுமதியோடு கோ-ஆப் வேலை அனுமதி என்று தனியாக ஒன்றையும் மாணவர்கள் பல்லாண்டுகளாகப் பெற்றுவந்திருக்கிறார்கள். அந்தப் படிப்பில் சேர்ந்த எல்லோருக்கும் வேலை கட்டாயம் என்று கல்லூரி கடிதம் தர வேண்டும். வேலை மொத்தப் படிப்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கட்டணம் இல்லை, ஆனால் காத்திருப்பு உண்டு. நான்கு மாதப் பயிற்சிப் பருவம் தொடங்கும் நாள் வந்துவிடும், அனுமதி வராது. நிறுவனம் வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 20 மணி நேரமாக இருந்த கல்லூரிக்கு வெளியேயான வேலை வரம்பு 2024 நவம்பரில் 24 மணி நேரமாயிற்று. அந்த வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை. படிப்போடு தொடர்பே இல்லாத வேலைக்கு அனுமதி வேண்டாம், படிப்புக்குரிய வேலைக்கு வேண்டும் என்பது பொருந்தாத ஏற்பாடு. இதை உணர்ந்து, தனி அனுமதித் தேவையைக் கைவிடும் உத்தேசத்தைக் கனடிய அரசே வெளியிட்டது.

இரண்டு செய்திகளைக் கனடா செல்லும் மாணவர்கள் தாமதமாகவே அறிகிறார்கள். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை, கோ-ஆப் உட்பட, நிரந்தர வதிவிடத்துக்கான கனடிய அனுபவப் பிரிவில் கணக்கில் வராது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்குப் படிப்பு முடிந்தபின் தரப்படும் வேலை அனுமதியும் கிடையாது. ஆகவே ஓராண்டு வகுப்பு, ஓராண்டு கோ-ஆப் என்று அமைத்த ஒரு தனியார் கல்லூரிப் பட்டயம் விதியின் பாதி வரம்பைச் சரியாகத் தொட்டு நிற்கும். மாணவருக்கு அதன் முடிவில் தொடரும் பாதை எதுவும் இருக்காது. விதி மீறப்படவில்லை, மாணவர் மட்டும் ஏமாந்திருப்பார்.

ஆஸ்திரேலியா: கூலியில்லா மணி நேரங்கள்

ஆஸ்திரேலியா பெருந்தொற்றுக் காலத்தில் தளர்த்திய வேலை நேர வரம்பை 2023 ஜூலையில் மீண்டும் கொண்டுவந்தது. இரு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது இப்போதைய வரம்பு. அரசுப் பதிவேட்டில் படிப்பின் அங்கமாகப் பதிவான பயிற்சி இந்த 48-இல் சேராது. மாணவர் தாமே தேடிப்போகும் பயிற்சி சேரும். பதிவேட்டைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் என்பதால், எது பயிற்சி என்ற குழப்பம் இங்கே ஒப்பீட்டளவில் குறைவு.

சிக்கல் கூலியில் இருக்கிறது. படிப்புக்குக் கட்டாயமான பயிற்சிக்கு ஊதியம் தர வேண்டியதில்லை என்கிறது ஆஸ்திரேலியத் தொழிலாளர் சட்டம். செவிலியர் பட்டத்துக்குக் குறைந்தது 800 மணி நேரமும் சமூகப்பணிப் பட்டத்துக்கு 1,000 மணி நேரமும் பயிற்சி வேண்டும். பகலெல்லாம் மருத்துவமனை வார்டில் கூலியில்லாமல் நின்றுவிட்டு, வாடகைக்காக இரவில் வேறு வேலைக்குப் போகும் மாணவரின் நிலையை அந்நாட்டவரே ‘பயிற்சி வறுமை’ என்று குறிப்பிடுகிறார்கள். அதைத் தணிக்க 2025 ஜூலை முதல் ஆசிரியர், செவிலியர், பேறுகாலச் செவிலியர், சமூகப்பணி மாணவர்களுக்கு வாரத்துக்கு 331.65 ஆஸ்திரேலிய டாலர் உதவித்தொகை அறிமுகமாயிற்று. பயிற்சிக்கான உதவி அரசின் கடமை என்று ஒப்புக்கொண்ட நல்ல அடி அது. ஆனால் மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு அது இல்லை. அதே வார்டில், அதே சீருடையில், அதே நோயாளியின் அருகில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் உதவி.

வேறொரு விஷயத்தில் ஆஸ்திரேலியா வழிகாட்டுகிறது. விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது 2024 ஜூலையிலிருந்து அங்கே குற்றம். சுரண்டலைப் புகார் செய்ய முன்வருபவரின் விசாவைப் பாதுகாக்கவும், வழக்கு நடத்த நாட்டில் தங்கவும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. புகார் சொன்னால் விசா போய்விடும் என்ற அச்சத்தால் வாய் மூடிக் கிடந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

ஜெர்மனியும் பிரான்சும்: எழுத்தில் உள்ள பொறுப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை, அயல்நாட்டு மாணவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வேலை செய்யவும் படிப்புக்குப் பின் குறைந்தது ஒன்பது மாதம் வேலை தேடவும் வழிசெய்தது. அதன்மேல் ஒவ்வொரு நாடும் தன் விதியைக் கட்டியது.

ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பாடத்திட்டம் கட்டாயமாக்கிய பயிற்சி இந்தக் கணக்கில் வராது. மாணவர் தாமாக மேற்கொள்ளும் பயிற்சி, கூலியில்லாததாக இருந்தாலும், வேலையாகவே எண்ணப்படும். ஊதியத்தில் கதை தலைகீழ். தாமாக மேற்கொள்ளும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். கட்டாயப் பயிற்சிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எந்த வகைப் பயிற்சி என்பதைப் பாடத்திட்ட ஒழுங்குமுறை முன்கூட்டியே அச்சிட்டுச் சொல்லிவிடுவதால், மாணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

பிரான்சின் முறை எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது. அங்கே பயிற்சி என்றாலே மாணவர், கல்வி நிறுவனம், பயிற்சி தரும் இடம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும். ஒரே இடத்தில் ஒரு கல்வியாண்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சி கூடாது. இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பயிற்சியாளர்கள் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நிரந்தரப் பணியாளர் இடத்தைப் பயிற்சியாளரைக் கொண்டு நிரப்பாமல் இது காக்கிறது. மாணவர் விசாவில் வேலைக்கு ஆண்டுக்கு 964 மணி நேர வரம்பு உண்டு. ஒப்பந்தத்தோடு செய்யும் பயிற்சி அதில் சேராது. இந்தப் பாதுகாப்புகள் பிரெஞ்சு மாணவருக்கும் அயல்நாட்டு மாணவருக்கும் ஒன்றே.

ஒப்பிட்டுப் பார்த்தால்

ஆறு நாடுகளையும் அருகருகே வைத்தால் மூன்று இழைகள் தெரிகின்றன.

முதலாவது, படிப்பைச் சேர்ந்த வேலைக்கு எங்கும் மணிக்கணக்கு இல்லை. அந்த வேலை படிப்பின் அங்கம் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே பொது நிபந்தனை. பிரிட்டனும் கனடாவும் அதன்மேல் பாதிக்கு மேல் கூடாது என்ற வேலியைப் போடுகின்றன. அமெரிக்கா முழுநேரப் பயிற்சி 12 மாதத்தை எட்டினால் பின்வாய்ப்பைப் பறிக்கிறது. பிரான்சு ஆறு மாதத்தோடு நிறுத்துகிறது. ஆனால் கால அளவைக் கட்டுப்படுத்தும் விதிகளில் பெரும்பாலானவை பயிற்சியின் தரத்தைத் தொடுவதே இல்லை. கணினி அறிவியல் மாணவர் ஆறு மாதம் கிடங்கில் பெட்டி அடுக்கினாலும், காகிதத்தில் பயிற்சி என்றிருந்தால் பல நாடுகளில் கணக்கு நேராகிவிடும்.

இரண்டாவது, ஒரே வேலை இரண்டு சட்டங்களின் முன் ஒரே பெயரில் நின்று இரண்டு விளைவுகளைத் தருகிறது. குடியேற்றச் சட்டம் பயிற்சியைப் படிப்பு என்று ஏற்று அனுமதிக்கிறது. தொழிலாளர் சட்டம் அதையே படிப்பு என்று சொல்லிக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து விலக்குகிறது. பிரிட்டனிலும், உயர்கல்வியின் அங்கமாக ஓராண்டுக்குட்பட்ட கட்டாயப் பயிற்சி செய்யும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதிய உரிமை இல்லை. உள்ளூர் மாணவருக்கு வீடும் அரசு உதவியும் இருக்கும். அயல்நாட்டு மாணவருக்கு இரண்டும் இல்லை. கல்விக் கட்டணம் பெரும்பாலும் பல மடங்கு. கூலியில்லாப் பயிற்சி அவரைத்தான் அதிகம் வாட்டும்.

மூன்றாவது, தவறுக்கான தண்டனை ஏணியில் மாணவர் கடைசிப் படியில் நின்றாலும் அடி முதலில் அவருக்குத்தான். ஒப்புதல் தேதிக்கு ஒரு நாள் முன் வேலையைத் தொடங்கினால் அமெரிக்காவில் எஃப்-1 நிலையே போகக்கூடும். அந்த ஒப்புதலைத் தவறாகத் தந்த கல்லூரியின் மேல் நடவடிக்கை வர ஆண்டுகள் ஆகும். மாணவரைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட்டோ சொந்த ஊரில் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

வாசல் அகலமாக இருப்பதால் முறைகேடு நடக்கிறது, ஆகவே இறுக்க வேண்டும் என்று வாதிடுவோர் இந்நாடுகளில் உண்டு. உள்ளூர்ப் பட்டதாரிகளின் வேலை பறிபோகிறது என்று அமெரிக்கத் தொழில்நுட்பப் பணியாளர் சங்கம் ஒன்று ஓ.பி.டி.யை எதிர்த்துத் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓ.பி.டி. செல்லும் என்றது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுஆய்வுக்கு எடுக்க மறுத்தது. அவர்களுடைய கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து ஆண்டுகள் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகள் இல்லை. முதலாளியும் தன் பங்கான 7.65 விழுக்காட்டைக் கட்ட வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கும் உழைப்பு அருகிலிருப்பவரின் கூலியையும் கீழே இழுக்கும். இதற்குத் தீர்வு மாணவரை விலக்குவதல்ல. இருவருக்கும் ஒரே செலவு ஆகும்படி செய்தால் யாரும் யாருக்கும் போட்டியாக நிறுத்தப்பட மாட்டார்கள். பயிற்சியாளருக்கு நியாயமான கூலி என்பது அயல்நாட்டு மாணவரையும் உள்ளூர்ப் பணியாளரையும் ஒருங்கே காக்கும் விதி.

என்ன மாற வேண்டும்

இந்த ஆய்விலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நாட்டில் முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது.

ஒன்று, பிரான்சைப் போல முத்தரப்பு ஒப்பந்தம் எங்கும் கட்டாயமாக வேண்டும். பயிற்சி இடம், மேற்பார்வையாளர், கற்க வேண்டியவை, கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஐ-983 படிவத்தைச் சி.பி.டி.க்கும் விரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டு, பயிற்சியைச் சொல்லி ஒரு படிப்பை விற்கும் நிறுவனம் பயிற்சி இடத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் எத்தனை அயல்நாட்டு மாணவருக்கு இடம் கிடைத்தது என்பதைக் கட்டணம் வாங்குவதற்கு முன் வெளியிட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அந்தக் காலத்துக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்று, நிறுவனம் தவறினால் மாணவருக்கு வேறு கல்லூரிக்கு மாற அவகாசமும், புகார் தந்தால் விசாப் பாதுகாப்பும் வேண்டும். ஆஸ்திரேலியா புகார்தாரருக்குத் தந்த காவலை மற்ற நாடுகளும் தரலாம்.

நான்கு, நீண்ட கட்டாயப் பயிற்சிக்கான உதவித்தொகை குடியுரிமை பார்க்காமல் கிடைக்க வேண்டும். மருத்துவமனையும் பள்ளியும் அந்த உழைப்பைக் குடியுரிமை பார்த்து வாங்கவில்லை.

கட்டணம் கட்டும் முன்

விதிகள் மாறும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,63,019 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தோரும் கணிசம். நகையும் நிலமும் அடகில் இருக்கும் வீடுகள் அவை. வங்கிக் கல்விக் கடனின் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்த ஓராண்டில் தொடங்கிவிடும். பயிற்சி கிடைத்ததா என்று வங்கி கேட்பதில்லை.

ஆகவே சேரும் முன் சில கேள்விகளைக் கல்லூரியிடமே, ஏஜென்ட் வழியாக அல்லாமல், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பயிற்சி பட்டத்துக்குக் கட்டாயமா, விருப்பமா? அரசுப் பதிவேட்டிலோ பாடத்திட்ட ஒழுங்குமுறையிலோ அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இடத்தைத் தேடித் தருவது யார்? கிடைக்காவிட்டால் படிப்பும் விசாவும் கட்டணமும் என்னவாகும்? கூலி உண்டா? பயிற்சி ஆண்டுக்கும் கட்டணம் உண்டா? பயிற்சிக் காலம் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியையோ வதிவிட விண்ணப்பத்தையோ எப்படித் தொடும்? முதல் நாளிலிருந்தே முழுநேர வேலை என்று யாராவது அழைத்தால், அந்தப் படிப்பில் வகுப்பு எங்கே, எந்த நாளில், யாரால் நடத்தப்படுகிறது என்று கேளுங்கள். ஒப்புதல் காகிதம் கைக்கு வராமல் ஒரு நாள்கூட வேலையைத் தொடங்காதீர்கள். நேர்மையான கல்லூரிக்கு இவற்றில் எதற்கும் பதில் சொல்லத் தயக்கம் இருக்காது.

பணிப் பயிற்சி நல்ல யோசனை. கையால் செய்து கற்றது மனத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் ஷ்னைடரும் சண்டர்லாந்து ஆசிரியர்களும் அதைத் தொடங்கினார்கள். அயல்நாட்டு மாணவரும் அதே கல்விக்காகவே, உள்ளூர் மாணவரைவிடப் பெரும்பாலும் அதிகக் கட்டணம் கொடுத்து வருகிறார். அந்தக் கட்டணத்தைக் கல்லூரி பெறுகிறது, அவருடைய உழைப்பை நிறுவனம் பெறுகிறது, இரண்டின் பயனையும் அந்த நாடு பெறுகிறது. பெறுகிற மூவரும் பொறுப்பிலும் தத்தம் பங்கைச் சட்டப்படி ஏற்கும் நாளில்தான் பணிப் பயிற்சி விதிகள் கல்விக்கான விதிகளாகும். அதுவரை அவை வேலைச் சந்தையைக் காக்கும் விதிகளாக மட்டுமே இருக்கும்.